கூப்பிட்டா வருவேன்

உக்காரும்மா, உக்காரு. உள்ள போக என்ன அவசரம் இப்ப? உன் வீட்டுக்காரரைத்தான் இன்னாசி சார் தோள்ல கையப் போட்டுக் கூட்டிட்டுப் போயிட்டாருல்ல. இனி அவரு உனக்கில்ல, இந்தக் குடிய விடற கூட்டத்துக்காரங்களுக்குத்தான். சிரிக்காத, நெசமாத்தான் சொல்றேன். பாப்பாவை விடு, அது பாட்டுக்கு வாசல்ல கெடக்கிற செருப்பையெல்லாம் சோடி சேத்து விளையாடட்டும்.

முதத் தடவையா? மூஞ்சியப் பாத்தாலே தெரியுது. நானும் போன வருஷம் இதே சர்ச் காம்பவுண்டுல இப்படித்தான் பேய் முழி முழிச்சுட்டு நின்னேன். இந்த பெஞ்சு அன்னையிலருந்து எனக்குப் பழக்கம். ஒரு கால் ஆடும், நீ அந்தப் பக்கம் தள்ளி உக்காரு.

பட்டுச்சேலையப் பாக்கறியா? இன்னைக்கு எங்க வீட்டுக்காரருக்குப் பிறந்தநாளு. பெத்த தாய் பெத்த நாளு இல்ல. குடிய விட்டு ஒரு வருஷம் ஆச்சுன்னா இவங்க அதைப் பிறந்தநாளுன்னுதான் சொல்றாங்க. கேக்கு வெட்டி, பாட்டுப் பாடி, ஒரு மெடல் குடுப்பாங்க. அந்த மெடலை வீட்டு ஆளு கையாலதான் வாங்கணும். அது இங்க வழக்கம். பொண்டாட்டி உள்ளவனுக்குப் பொண்டாட்டி குடுக்கணும், குடுத்துட்டு நாலு வார்த்தை பேசணும். போன மாசம் ஒரு மெக்கானிக்குக்கு அவன் பொண்டாட்டி குடுத்தா. அழுதா, அவனும் அழுதான், ஹாலே அழுதுச்சு. நான் இங்க உக்காந்து சன்னல் வழியா கேட்டேன்.

அப்புறம் ஏன் பட்டுச்சேலையக் கட்டிட்டு வெளிய உக்காந்திருக்கேன்னுதானே நினைக்கிற? கூப்பிடட்டும்னு உக்காந்திருக்கேன். அவரு எந்திரிச்சு வெளிய வந்து, இத்தனை பேரு பாக்க, "ராமுத்தாயி, வா. உன்னாலதான் நான் இன்னைக்கு மனுஷனா நிக்கறேன்"னு சொல்லிக் கூட்டிட்டுப் போகட்டும். கூப்பிட்டா வருவேன். இல்லாட்டி இந்த பெஞ்சை விட்டு நகர மாட்டேன், மெடல் அங்கேயே கெடந்து துருப்பிடிக்கட்டும்.

காலையில ஒரு வார்த்தை சொன்னாருதான். "நான் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் போயிட்டு அப்படியே ஹாலுக்குப் போயிருவேன், நீ சாயங்காலம் வந்துரு ராமுத்தாயி, நீதான் மெடல் குடுக்கணும்"னு. அது கூப்பிடறதா? செருப்ப மாட்டிட்டே சொன்னாரு. பஸ் ஸ்டாண்டுல என்ன வேலைன்னு கேட்டேன், ஒரு வேலைன்னாரு. கேக்கு வாங்கத்தான் இருக்கும். இப்ப சித்த முன்னாடி போனு அடிச்சுது, எடுக்கல. போன்ல கூப்பிட்டா வந்து நிக்க நான் என்ன ஆட்டோவா? அப்புறம் வாசல்ல வந்து கையக் கைய ஆட்டுனாரு. மாட்டைக் கூப்பிடற மாதிரி. நான் அந்தப் பக்கம் திரும்பிக்கிட்டேன்.

சரி, நீ எப்படி இந்த இடத்தைக் கண்டுபிடிச்ச? ஓ, ஆஸ்பத்திரி நர்ஸம்மா சொன்னாங்களா. குடுத்து வச்சவ. எனக்கு யாரு சொன்னா? நாய் படாத பாடு பட்டேன். முதல்ல ஒருத்தன் பொடி குடுத்தான், குழம்புல கலந்து குடுங்கன்னு. கலந்தேன். மனுஷனுக்கு வயித்தால போச்சு, அந்த வயித்து வலிக்கு மருந்துன்னு சொல்லி ரெண்டு மடங்கு குடிச்சாரு. அப்புறம் கோயில்ல கயிறு கட்டுனோம். பூசாரி இத்தனை நாளைக்குன்னு கெடு வச்சுக் கட்டுவாரு. சாமிக்குப் பயந்து அத்தனை நாளும் யோக்கியமா இருந்தாரு. கெடு முடிஞ்ச அன்னைக்கு விடியுமுன்ன கயித்தை அவுத்து வேப்பமரத்துல போட்டுட்டுப் போனவரு, மறுநாளுதான் வந்தாரு. சட்டை இல்ல.

அப்பத்தான் பெரியாஸ்பத்திரி செவுத்துல ஒரு நோட்டீஸ் பாத்தேன். குடிப்பழக்கத்தை விட விருப்பமா, எங்களைக் கூப்பிடுங்கன்னு ஒரு நம்பரு. பாதி நம்பர் மேல எவனோ பல்லு டாக்டர் நோட்டீஸ ஒட்டி வச்சிருந்தான். நகத்தாலயே சுரண்டுனேன். சுரண்டி எடுத்துக் கூப்பிட்டா, இந்த இன்னாசி சார்தான் பேசுனாரு. என்ன சொன்னாரு தெரியுமா? "அம்மா, நீங்க பேசிப் பிரயோசனம் இல்ல. அவரு பேசணும், அவருக்கு விருப்பம் இருக்கணும்." எனக்கு அப்படியே பத்திக்கிட்டு வந்துச்சு. குடிக்கிறவனுக்கு விருப்பம் இருந்தா நான் ஏன்யா செவுத்தைச் சுரண்டறேன்?

அவருக்குப் போனைக் குடுத்தேன். எப்படியோ பேசுனாரு. அன்னைக்கு அவரு கையி ஆடுன ஆட்டத்துல போனே கீழ விழுந்துச்சு. வரேன்னு சொல்லிட்டாரு. கூட்டிட்டு வந்தா, நாங்க வந்தது தப்பான நாளு. இதே ஹால்ல அன்னைக்குச் சர்ச்சுல கல்யாணம் பண்ணிக்கப் போற சோடிங்களுக்கு வகுப்பு. எங்களுக்கு என்ன தெரியும்? போய்க் கடைசி வரிசையில உக்காந்துட்டோம். சுத்தி எல்லாம் சின்னஞ்சிறுசுங்க. ஒரு சிஸ்டர் வந்து, "உங்களுக்கு எப்ப கல்யாணம்?"ன்னு கேட்டாங்க. இவரு எந்திரிச்சு நின்னு, "முடிஞ்சு போச்சுங்க, அதுக்குத்தான் வந்திருக்கோம்"னாரு. ஹாலே சிரிச்சுச்சு. நானும் சிரிச்சேன். பஸ்சுல திரும்பிப் போகயில ரெண்டு பேரும் நினைச்சு நினைச்சுச் சிரிச்சோம். சேந்து சிரிச்சு எத்தனையோ வருஷம் ஆயிருந்துச்சு. அதுக்கப்புறமும் சிரிக்கல, அது வேற விஷயம்.

அடுத்த வாரம் சரியான நாள்ல கொண்டாந்து விட்டேன். நான்தான். என் கையாலதான். அதை மனசுல வச்சுக்க.

விட்டாரும்மா. குடிய விட்டாரு. இல்லைன்னு சொல்ல மாட்டேன். ஆனா என்ன ஆச்சுங்கிற? ஆளு இவங்களுக்குச் சொந்தமாயிட்டாரு. உள்ள போனா ஒருத்தர் ஒருத்தரா எந்திரிச்சு, "என் பேரு இன்னது, நான் ஒரு குடிநோயாளி"ம்பாங்க. வீட்டுல நான் குடிகாரான்னு கூப்பிட்டா பானைய உடைப்பாரு. இங்க அவரா எந்திரிச்சு, "என் பேரு தெய்வேந்திரன், நான் ஒரு குடிநோயாளி"ன்னா எல்லாரும் வணக்கம் தெய்வேந்திரன்ங்கறாங்க! என்கிட்ட ஒரு நாளும் பேசாத பேச்செல்லாம் இங்க பேசறாரு. ராத்திரி எவனாவது போன் பண்ணி, குடிக்கணும் போல இருக்குண்ணேன்னா சட்டைய மாட்டிட்டு ஓடறாரு. எனக்குத் தலைவலின்னா, தைலம் அலமாரியில இருக்குங்கறாரு.

இதைக் கேளு. ஒரு நாளு கிளம்புனாரு, தான் யாருக்கெல்லாம் தப்புப் பண்ணுனாரோ அவங்க கிட்டயெல்லாம் மன்னிப்புக் கேக்கணுமாம். அதுவும் இங்க ஒரு முறை. பால்காரர் கிட்டப் போயி கேட்டாரு. எங்க அண்ணன் கிட்டப் போயி கையெடுத்துக் கும்பிட்டாரு. மில்லு சூப்பர்வைசர் வீட்டுக்குப் பழம் வாங்கிட்டுப் போனாரு. சைக்கிள் ஸ்டாண்டுக்காரன் கிட்டக்கூட! எனக்கு? ஒரு நாளு காலையில அடுப்படிக்கு வந்து நின்னுக்கிட்டு, "ராமுத்தாயி, உனக்குத்தான் நான் ரொம்ப..."ன்னு ஆரம்பிச்சாரு. கண்ணெல்லாம் தண்ணி. எனக்கு வந்துச்சு பாரு ஒரு கோவம். ஊருக்கெல்லாம் பழம், வெத்தலைபாக்கு, எனக்கு மட்டும் அடுப்படியில நின்னுட்டா? "குழம்பு கொதிக்குது, தள்ளுங்க"ன்னேன். தள்ளிட்டாரு. அதோட சரி. அப்புறமும் ரெண்டு மூணு தடவை வாயெடுத்தாரு, நான் எந்திரிச்சுப் போயிட்டேன். இன்னைக்கு வரைக்கும் என்கிட்ட அந்த மனுஷன் மன்னிப்புக் கேக்கல.

நான் பட்ட பாடு இவங்களுக்கு என்ன தெரியும்? அவரு வேலை போகாமக் காப்பாத்துனவ நான். அவரு மில்லுல ஃபிட்டரு. காலையில எந்திரிக்க முடியாமக் கெடப்பாரு. நான் சூப்பர்வைசருக்குப் போனப் போடுவேன், சார், அவருக்குக் காய்ச்சல்னு. எத்தனை காய்ச்சல்! டைபாய்டு, மஞ்சக்காமாலை, வயித்துப்போக்கு, எல்லாம் அவருக்கு வந்து போச்சு. உசுரோட இருந்த எங்க மாமியாரை ரெண்டு தடவை சாகடிச்சேன். அப்புறம் என் குரலக் கேட்டாலே அந்தாளு உம்முன்னு ஆயிட்டாரு. உடனே யோசிச்சேன். எங்க பூர்ணிமா கிட்டப் போனக் குடுத்துட்டேன். எங்களுக்கு ஒரே பொண்ணு, அப்ப உன் பாப்பா வயசுதான் இருக்கும். "சொல்லுடி, அப்பாவுக்குக் காய்ச்சல், எந்திரிக்க முடியலன்னு சொல்லு." சின்னப் பிள்ளை சொன்னா நம்புவாங்கல்ல? நம்புனாங்க! ஒரு நாளு சம்பளம் பிடிச்சதில்ல. பூர்ணியும் கெட்டிக்காரி, ஒரு தடவை சொல்லிக் குடுத்தாப் போதும், அவளா இருமல் எல்லாம் சேத்துச் சொல்லுவா. குடும்பத்தைக் காப்பாத்துனது நாங்க ரெண்டு பேருதான்.

அவ இப்ப கோயம்புத்தூர்ல லேப்புல வேலை பாக்கறா. வீட்டுக்கு வாறதே இல்ல. அவ அப்பன் குடிச்சுக் குடிச்சு அந்தப் பிள்ளை மனசு அப்படி வெறுத்துப் போச்சு. பொங்கலுக்கு வாடின்னா லீவு இல்லம்பா. இன்னைக்கு வாடி, நீ இருந்தா எனக்குத் தெம்பா இருக்கும்னு கெஞ்சுனேன். பாக்கறேம்மான்னா. பாக்கறேன்னா வரமாட்டான்னு அர்த்தம். அவளைச் சொல்லிக் குத்தமில்ல, எல்லாம் இவரு பண்ணுனது. பாப்பா, அந்த நீலப்பட்டைச் செருப்பு நல்லா இருக்கா? எங்க பூர்ணியும் அந்த மாதிரிதான் ஒண்ணு போட்டுக்குவா.

அந்தா, பக்கத்துல ஒரு ரூம் தெரியுதுல்ல, பச்சைக் கதவு? அங்க குடும்பத்துக்காரங்களுக்குன்னு தனி மீட்டிங் நடக்கும். இன்னைக்குப் பொது மீட்டிங், எல்லாரும் பெரிய ஹால்லதான். உன்னையும் அந்த ரூமுக்குக் கூப்பிடுவாங்க, சொல்லி வைக்கிறேன். நான் ஒரு நாளு போனேன். எல்லாம் நம்மள மாதிரி பொம்பளைங்கதான். சரி, நம்ம குறைய நாலு பேரு கிட்டச் சொல்லி ஆத்திக்கலாம்னு, அவரு பானைய உடைச்சது, சட்டையில்லாம வந்தது, எல்லாம் சொன்னேன். கேட்டுட்டு ஒரு டீச்சரம்மா என்ன சொன்னாங்கங்கிற? "அவரைப் பத்திச் சொல்லிட்டீங்க. இனி உங்களைப் பத்திச் சொல்லுங்க"ன்னாங்க. என்னைப் பத்திச் சொல்ல என்ன இருக்கு? குடிச்சது நானா? "எனக்கென்னம்மா, நான் நல்லாத்தான் இருக்கேன்"னு எந்திரிச்சு வந்து இந்த பெஞ்சுல உக்காந்தவதான். அந்தப் பக்கம் போகாத.

முன்னல்லாம் எதிர்வீட்டுப் பேச்சியம்மா தினமும் வந்துரும். என்ன ராமுத்தாயி, நேத்து என்ன பண்ணுனாருன்னு கேட்டுத் தலையத் தடவும். தெருவுல நான் போனா, பொறுமைசாலி, அவ இல்லாட்டி அந்தாளு செத்திருப்பான்னு காது படவே சொல்லுவாங்க. இப்ப? "தெய்வேந்திரன் எப்படித் திருந்திட்டாரு பாத்தீங்களா"! பேச்சியம்மா எட்டியே பாக்கறதில்ல, என்கிட்ட அதுக்குக் கேக்க என்ன இருக்கு? பாலை அவரு வாங்கியாறாரு, கரண்டு பில்ல அவரு கட்டறாரு. சாயங்காலம் ஆச்சுன்னா வாசலப் பாத்துப் பாத்துப் பழகுன கண்ணு எனக்கு. இப்ப அவரு நேரத்துக்கு வந்து காப்பி போட்டு எனக்கும் ஒரு டம்ளர் வைக்கிறாரு. அதைக் கையில வச்சுக்கிட்டு என்ன பண்றதுன்னு தெரியாம உக்காந்திருக்கேன்.

இரு, இரு. கை தட்டுறாங்க. பாட்டுப் பாடறாங்க பாரு. கேக்கு வெட்டிட்டாரு. இப்பக் கூப்பிடுவாங்க. சேலைக் கொசுவம் சரியா இருக்கா, பாத்துச் சொல்லு. பூ கசங்கிருச்சா? இந்தா, இன்னாசி சார் வாறாரு.

"இல்ல சார். தேடறவரு வந்து கூப்பிடட்டும். அவருக்குக் காலு இல்லையா? மேடையில நின்னா வரக்கூடாதா? அப்ப நானும் வரல. போங்க."

போயிட்டாரு. போகட்டும். இப்ப அவரே வருவாரு பாரு. நான் இல்லாம மெடலை யாரு குடுப்பா?

யாரோ பொம்பளைக் குரல். மைக்குல. அது யாரு அது...

பூர்ணி.

எங்க பூர்ணி குரலும்மா அது. எப்ப வந்தா? அதுக்குத்தான் பஸ் ஸ்டாண்டுக்குப் போனாரா? அப்ப அந்தச் செருப்பு... என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லல. அப்பனும் மகளும் சேந்துட்டாங்க. ஷ்ஷ், பாப்பா, சத்தம் போடாத.

"அம்மா வெளிய இருக்காங்க. அவங்களுக்குக் கேக்கணும்னுதான் கொஞ்சம் சத்தமாப் பேசறேன்"ங்கறா. கேக்குதுடி, கேக்குது. சொல்லு, நாம பட்டதையெல்லாம் சொல்லு. நல்லா உறைக்கிற மாதிரி சொல்லு.

"அப்பாவுக்குக் காய்ச்சல்னு சொல்லித்தான் நான் பேசவே பழகுனேன். நல்லாச் சொன்னா அம்மா தலையத் தடவுவாங்க, முட்டாய் வாங்கிக் குடுப்பாங்க." ஆமா, குடுத்தேன். கடலை முட்டாய்.

"ஒரு நாளு எனக்கு நெசமாவே காய்ச்சல். அம்மா வீட்டுல இல்ல. அப்பாவை வரச் சொல்லலாம்னு மில்லுக்குப் போன் பண்ணுனேன். சூப்பர்வைசர் சிரிச்சாரு. இன்னைக்கு யாருக்கு பாப்பா காய்ச்சல்னு கேட்டாரு. பக்கத்துல நாலு பேரு சிரிக்கிறது கேட்டுச்சு. எல்லாருக்கும் எப்பவுமே தெரிஞ்சுதான் இருந்திருக்கு. எனக்குக் காய்ச்சல்னு நான் அன்னைக்கு யார்கிட்டயும் சொல்லல."

பொய்யும்மா. அந்தாளு நம்புனாரு. எனக்குத் தெரியாதா? நம்பாமயா லீவு குடுத்தாரு? இவ சின்னப் பிள்ளை, இவளுக்கு என்ன ஞாபகம் இருக்கும்...

"அப்பா என்னைத் தேடிக் கோயம்புத்தூர் வந்து மன்னிப்புக் கேட்டாரு. அவரு குடிச்சதை நான் மன்னிச்சுட்டேன். என்னைப் பொய் பேச வச்சதை மன்னிக்கணும்னா அம்மா கேக்கணும். கேப்பாங்கன்னுதான் இன்னைக்கு வந்தேன். அவங்க வாசல்ல உக்காந்து, கூப்பிடட்டும்னு காத்துட்டு இருக்காங்க."

கை தட்டுறானுங்க. எதுக்குக் கை தட்டுறானுங்க? பெத்தவள மைக்குல பேசுனா கை தட்டுவீங்களாடா? மெடலை அவளே குடுத்துட்டா. குடுத்துட்டாம்மா, பாரு, அவரு அவளைக் கட்டிட்டு அழறாரு. என் கையால வாங்க வேண்டியது அது. நான் என்ன கேக்கணும்? யார்கிட்டக் கேக்கணும்? செவுத்தைச் சுரண்டுனது நான். கூட்டிட்டு வந்தது நான். எனக்கு இதுவும் வேணும், இன்னமும் வேணும்.

உன் போன் அடிக்குதும்மா. யாரு? உன் வீட்டுக்காரரு வேலை பாக்கற பூட்டுப் பட்டறை முதலாளியா? ஏன் போனையே பாத்துட்டு இருக்க? எடு. காய்ச்சல்னு சொல்லு. ஆஸ்பத்திரியில இருக்கோம்னு சொல்லு. உனக்கு வரலியா? பாப்பா கிட்டக் குடு. பாப்பா, இங்க வா கண்ணு, அப்பாவுக்குக் காய்ச்சல்னு சொல்லு பாப்போம்... ஏன் பிடுங்கற? நான் நல்லதுக்குத்தானே சொல்றேன்!

அடிப்பாவி. உண்மையச் சொல்லிட்டியே. "காய்ச்சலெல்லாம் இல்லங்கண்ணே, குடிய விடறதுக்குக் கூட்டத்துக்கு வந்திருக்காரு"ன்னு முதலாளி கிட்டயே சொல்லிட்டியே. நாளைக்கு வேலை போச்சுன்னா யாரு சோறு போடுவா? என்ன, நாளைக்கு அவரையே வந்து பாக்கச் சொன்னாரா? அம்புட்டுத்தானா? திட்டலையா?

எங்க எந்திரிச்சுட்ட? உள்ளயா? போ, போ. எல்லாரும் போங்க.

நான் வரல. எங்க பூர்ணியும் இந்த வழியாத்தான் வெளிய வரணும், அவ செருப்பு இங்கதானே கெடக்கு. அவரும் வருவாரு. இன்னும் கேக்கு எல்லாருக்கும் குடுத்து முடிச்சிருக்க மாட்டாங்க. ஒரு வார்த்தை கூப்பிட்டா வந்துருவேன். இங்கதான் இருக்கேன்னு சொல்லு. இல்ல, அப்படிச் சொல்லாத. ஏன் வெளிய உக்காந்திருக்கான்னு நாலு பேரு கேப்பாங்க.

பாப்பா, இங்க வா கண்ணு. உள்ள யாராச்சும் என்னைக் கேட்டா, அந்தம்மாவுக்குக் காய்ச்சல்னு சொல்லிரு.